கருவாட்டோடு போன தாலி

சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டாட்டம். எனக்கு டென்மார்க்.

நான் டென்மார்க்கைக் கண்ணால் கண்டவன் இல்லை. (நோர்வே, சுவீடன், பின்லாந்தும் அப்படியே. நான் செய்த ஆகத் தூரப் பயணம் கொழும்புக்கு, அதுவும் ஒரு செத்தவீட்டுக்கு.) ஆனால் அந்த நாடுகளில் ஐம்பது, அறுபதுகளில் செய்த மெழுகுதிரித் தாங்கியோ கோப்பையோ கரண்டியோ கண்ணில் பட்டால் எனக்குக் கைகால் ஓடாது, வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். இந்த வயதில் அப்படி நின்றால் யாருக்கும் நட்டம் இல்லை. இளந்தாரியாக இருந்த காலத்தில் ஒருநாள் நின்றேன். அதனால் என் அண்ணனின் கலியாணம் என்ன பாடுபட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வியாதி தொற்றியது திருகோணமலைத் துறைமுகத்தில். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கிளாக்காகச் சேர்ந்த புதிதில், கோதுமை ஏற்றி வந்த ஒரு பழைய டெனிஷ் கப்பலுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். கப்டன் வரும்வரை சாப்பாட்டு அறையில் இருக்கச் சொன்னார்கள். மேசையைப் பார்த்தேன். தேக்கு மரத்தில் கடைந்த ஒரு கிண்ணம். மரப்பிடி போட்ட கத்தி, கரண்டி. பனிக்கட்டியை அப்படியே வெட்டி வைத்ததுபோலத் தடித்த கண்ணாடியில் ஒரு மெழுகுதிரித் தாங்கி. எதிலும் ஒரு பூ இல்லை, ஒரு கோடு கூடுதலாக இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கும் ஒரு மூக்குப்பேணி என்றாலும் அதில் மயில் இருக்கும், மாங்காய் இருக்கும், அன்பளிப்புச் செய்தவரின் பெயரும் ஊரும் இருக்கும். இங்கே ஒன்றுமே இல்லாமல் ஒரு கிண்ணம் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கப்டன் வந்து இரண்டு முறை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் கப்பலின் சமையல் பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்து இரங்கி, விளிம்பு உடைந்த ஒரு கோப்பையைத் தந்தார். கூடவே அந்தக் காலத்துச் சாமான்களின் படங்கள் போட்ட ஒரு பழைய விலைப்புத்தகமும் தந்தார். மற்றவர்கள் சுவாமி படத்துக்கு முன்னால் நிற்பதுபோல நான் அந்தப் புத்தகத்துக்கு முன்னால் இருந்தேன். பிறகு கப்பலில் கழித்துவிட்டது, பழைய இரும்புக் கடையில் கிடந்தது என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரத் தொடங்கியது. அம்மா பின்லாந்துக் கண்ணாடியில் பழப்புளி போட்டு வைத்தார். அப்பா சுவீடன் முட்டைக் கோப்பையில் சவர பிரஷை நிறுத்தினார்.

"குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. இவர் மெழுகுதிரிக்குச் சிம்மாசனம் தேடுறார்" என்பார் அண்ணன்.

ஷெல்களைக் கொத்தாக ஏவும் பல்குழல் பீரங்கி என்ற சொல் எங்கள் வாயில் புதிதாக ஏறியிருந்த காலம் அது. அண்ணனுக்குக் கிளிவெட்டியில் பெண் சரிவந்தது. ஷெல்லடி ஓய்ந்த ஒரு கிழமையைப் பார்த்து நாள் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் முதல்நாள் காலையிலேயே குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சுப் படகில் போய்விட்டார்கள். நான் மட்டும் பின்தங்கினேன், ஏனென்றால் நகை செய்யும் பத்தர் தாலிக்கொடியை முடித்திருக்கவில்லை. "பின்னேரத்துக்குள்ள வாங்கிக்கொண்டு கடைசி லோஞ்சில வந்து சேர். விடியப்புறம் முகூர்த்தம். வழியில ஒண்டையும் பார்த்துக்கொண்டு நிக்காதை" என்று அம்மா மூன்று தரம் சொன்னார். பெற்ற தாய்க்குப் பிள்ளையைத் தெரியும்.

பத்தர் சொன்ன நேரத்துக்கே கொடியைத் தந்துவிட்டார். சிவப்புத் துணிப் பையில் சுற்றி உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேரே இறங்குதுறைக்கு நடந்தேன். வழியில் ஒரு பழைய இரும்புக் கடை. கடைக்கார நானா வாசலில் தார்ப்பாய் விரித்து, அது காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கொரு பாரம் வைத்திருந்தார். ஒரு மூலையில் செங்கல், ஒரு மூலையில் படிக்கல், ஒரு மூலையில் அம்மிக் குழவி. நாலாவது மூலையில் என் விலைப்புத்தகத்தின் பதினோராம் பக்கம்!

கறுத்த வார்ப்பிரும்பு. உள்ளங்கை அளவு வட்டத் தட்டில் ஆறு குட்டிக் குழாய்கள் நெருங்கி நிற்கும். ஒவ்வொரு குழாயிலும் சுண்டுவிரல் பருமன் மெழுகுதிரி ஒன்று ஏறும். படத்தில் மட்டும் பார்த்து ஏங்கியது. கையில் எடுத்துப் புரட்டினேன். அடியில் 'டென்மார்க்' என்று வார்த்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, அது தார்ப்பாய்க்கு வைக்கிற இரும்பு" என்றார் நானா. "உங்களுக்கு என்னத்துக்கு?"

"மெழுகுதிரி வைக்க, நானா."

"வீட்டுல சிரட்டை இல்லையா?"

அவருக்கு அந்த இடத்தில் வைக்க இன்னொரு செங்கல் தேடிக் கொடுத்தேன். அவர் இரும்பைத் தந்துவிட்டார்.

இறங்குதுறையில் சென்றி, ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் பனையோலைக் கடகத்தில் கருவாட்டோடு ஒரு பெண், பெயர் பாக்கியம். இறக்கக்கண்டியிலிருந்து கருவாடு கொண்டுவந்து லோஞ்சில் மூதூருக்கும் அங்கிருந்து பஸ்ஸில் கிளிவெட்டிக்கும் போய் விற்பவர். அவரின் கடகத்தைச் சிப்பாய் எட்ட நின்று பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு "போ, போ" என்றான். என் பைக்குள் கைவிட்டான். இரும்பு வெளியே வந்தது. ஆறு குழாய்களும் வானத்தைப் பார்த்து நின்றன.

பல்குழல் பீரங்கி குட்டி போட்டால் அந்தக் குட்டி எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. இது எனக்கு அதுவரைக்கும் தோன்றவில்லை. சிப்பாய்க்கு உடனே தோன்றியது. இரண்டடி பின்னால் போய் அதிகாரியைக் கூப்பிட்டான்.

அதிகாரி வந்தார். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். "இது என்ன?"

"மெழுகுதிரி வைக்கிறது, சேர்."

"மெழுகுதிரி எங்கே?"

இங்கேதான் சிக்கல். இயக்கத்துக்குப் போய்விடும் என்று அக்கரைக்குப் பற்றரியும் மெழுகுதிரியும் கொண்டுபோகத் தடை. மெழுகுதிரி வைத்திருந்தால் அது குற்றம். இல்லாமல் மெழுகுதிரித் தாங்கி மட்டும் வைத்திருந்தால் அது சந்தேகம். "மெழுகுதிரி தடை, சேர். அதனால கொண்டு வரேல்லை" என்றேன். நல்ல பிள்ளை என்று பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மெழுகுதிரி இல்லாத இடத்துக்கு இது எதுக்கு?"

"வடிவுக்கு, சேர்."

"இதிலே என்ன வடிவு?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். விடுவேனா? பாதித் தமிழ், பாதி ஆங்கிலம், எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல் எல்லாவற்றையும் கலந்து, வளைவு, எளிமை, வார்ப்பு என்று தொடங்கிவிட்டேன். "சேர், அந்த நாடுகளில மாரி வந்தால் மாதக்கணக்கில இருட்டு. அதாலதான் வெளிச்சம் வைக்கிற சாமானை இவ்வளவு பக்தியாச் செய்யிறாங்கள்."

"இங்கேயும் இருட்டுத்தான்" என்றார் அதிகாரி.

லோஞ்ச் கூவியது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். "நீ போ. இது இங்கே இருக்கட்டும். விசாரித்துப் பார்ப்போம்" என்று இரும்பை மணல்மூட்டை மேல் வைத்தார்.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். உள்சட்டைக்குள் தாலி, அக்கரையில் அண்ணன், விடிந்தால் முகூர்த்தம். நானோ மணல்மூட்டையைத் திரும்பிப் பார்த்தேன். மாலை வெயில் ஆறு குழாய்களின் விளிம்பிலும் விழுந்து மின்னியது. இதை விட்டால் இந்தப் பிறவியில் இன்னொன்று காணமாட்டேன் என்று மனம் சொன்னது. (பெண் கிளிவெட்டியில்தானே இருக்கிறாள், எங்கே போய்விடப் போகிறாள் என்றும் சொன்னது. அந்த மனத்தை என்ன செய்யலாம்?)

"நான் நிக்கிறன், சேர்" என்றேன்.

பாக்கியம் அக்கா லோஞ்சில் ஏறும் பலகையில் ஒரு கால் வைத்தவர் திரும்பிவிட்டார். "உங்களுக்கு விசரா தம்பி? கடைசி லோஞ்செல்லோ!"

"அக்கா, நீங்கள் கிளிவெட்டிக்குத்தானே? தபால்கந்தோருக்குப் பக்கத்தில பந்தல் போட்ட வீடு. இதைக் குடுத்துவிடுங்கோ. அண்ணன்ர தாலி."

முன்பின் தெரியாத ஒரு மனுஷியின் கையில் எங்கள் குடும்பத்தின் முழுத் தங்கத்தையும் வைத்தேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணல்மூட்டையில் இருந்த இரும்பைப் பார்த்தார். "பெத்ததுகள் பாவம்" என்று மட்டும் சொல்லி, பையைக் கடகத்துக்குள் கருவாட்டுக்கு அடியில் செருகினார். "இதுக்குள்ள ஆரும் கை வைக்க மாட்டினம்." லோஞ்ச் போய்விட்டது. அது தூரத்தில் புள்ளியாகும்போதுதான் அவர் எந்தக் குறிச்சி, யார் வீட்டுப் பெண் என்று நான் ஒன்றுமே கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

தாலியை அனுப்பிவிட்டு இரும்போடு நிற்கும் மனிதனை அந்தச் சென்றி அதற்கு முன் கண்டதில்லை. அதிகாரிக்கே ஆவல் வந்துவிட்டது. "சரி, பத்தவைத்துக் காட்டு" என்றார். உள்ளே புத்தர் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுதிரியில் ஒன்றைச் சிப்பாய் கும்பிட்டு எடுத்து வந்தான். அது பெருவிரல் பருமன், குழாய்க்குள் இறங்காது. அதிகாரியின் முகம் மறுபடி மாறத் தொடங்கியது. சிப்பாயோ கத்தியை எடுத்து, திரியை ஆறு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் கரட் சீவுவதுபோலச் சீவினான். ஆறும் கச்சிதமாக ஏறின.

பொழுது பட்டிருந்தது. வழக்கம்போல நகரத்தில் கரண்ட் இல்லை. அதிகாரி நெருப்புக்குச்சியைக் கிழித்தார்.

ஆறு சுடர் நெருக்கமாக நின்று எரியும்போது அவை ஒன்றோடொன்று சாய்ந்து சேர்ந்து ஒரே வெளிச்சமாகும் என்று எனக்குத் தெரியாது. விலைப்புத்தகத்தில் திரி கொளுத்தாத படம்தான் இருந்தது. கீழே இரும்பு இருட்டோடு கலந்து மறைந்துபோக, வெளிச்சம் மட்டும் அந்தரத்தில் நின்றது. காவலுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். சீவிய சிப்பாய் வெறுங்கையை வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம் இருந்தது, வாய் பிளந்த முகம். யாரோ எங்கேயோ பனிக்குளிரில் வார்த்த ஒரு இரும்புத் துண்டு திருகோணமலையில் இத்தனை பேரைப் பேசாமல் நிற்கவைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது.

திரி அணைந்ததும் அதிகாரி இரும்பு ஆறும்வரை பொறுத்து, துணியால் துடைத்து என்னிடம் தந்தார். "கலியாணப் பரிசோ?"

"ஓம் சேர்" என்றேன், நன்றி மிகுதியில். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை என்று அப்போது தெரியவில்லை.

அடுத்தநாள் முதல் லோஞ்சில் போய், பஸ் பிடித்துக் கிளிவெட்டியில் இறங்கும்போது மேளம் ஓய்ந்திருந்தது. தாலி கட்டியாகிவிட்டது! மீதியைப் பந்தலில் நின்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன், ஒவ்வொருவரும் வேறுவேறாக.

கலியாணவீட்டுப் பந்தலுக்குள் மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் வரக்கூடாது. பாக்கியம் அக்கா வாசலுக்கு வந்ததும் "கருவாடு வேண்டாம், கருவாடு வேண்டாம்" என்று துரத்தினார்களாம். போய்த் திரும்பி வந்தாராம், மறுபடி துரத்தினார்களாம். கடைசியில் அவர் வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் நின்று, "நான் கருவாடு விக்க வரேல்லை. மாப்பிளையின்ர தாலி கொண்டு வந்திருக்கிறன். வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, கொண்டு போறன்" என்று கத்தியிருக்கிறார். அம்மா பந்தலைத் தாண்டி ஓடிப்போய்க் கடகத்தைக் கட்டிப்பிடித்தாராம்.

தாலியைப் பாலில் கழுவினார்கள், மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள், சாம்பிராணிப் புகை காட்டினார்கள். மணம் போகவில்லை. தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஆசி வாங்கக் கொண்டுபோனபோது, ஒவ்வொருவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றி, பிறகு விரலை மணந்து பார்த்தார்களாம். ஐயர் மந்திரத்தை வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னார் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே செய்தி.

நான் பந்தலுக்குள் போனேன். முன்வரிசைக் கதிரையில் புதுச் சேலையோடு பாக்கியம் அக்கா இருந்தார். சம்பந்தி மரியாதை. அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. புது அண்ணிதான் பார்த்தா. கையை நீட்டினா. "தம்பி, பரிசு கொண்டு வந்தீங்களாமே?" சென்றிக் கதை அதே லோஞ்சில் வந்தவர்களின் வாயால் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. கொடுத்தேன். என் கை அதை விடச் சற்றுத் தாமதித்தது என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார்.

அண்ணி அதைத் திருப்பித் தரவேயில்லை. ஒவ்வொரு கலியாண நாளுக்கும் அதை மேசை நடுவில் வைத்து, ஆறு திரி சீவிக் கொளுத்தி, மற்ற விளக்குகளை அணைத்துவிடுவா. என்னுடைய டென்மார்க் தட்டுக்களை இரவலாக வாங்கி, அவற்றில் கருவாட்டுக் குழம்பு பரிமாறுவா. முதல் தட்டு பாக்கியம் அக்காவுக்கு. ஆறு சுடரும் ஒன்றாகும் அந்த நேரத்தில் நான் இப்போதும் வாய் பிளந்துதான் இருக்கிறேன், குழம்பு ஆறிப்போகிறது.

போன வருடமும் அப்படி இருந்தபோது அண்ணி கேட்டா: "தம்பி, இப்ப இந்த வீடு நெருப்புப் பிடிச்சால் முதல்ல எதைத் தூக்குவீங்கள்?"

நான் யோசித்தேன். யோசித்ததுதான் பிழை.

"அவரை ஏன் பிள்ளை கேக்கிறாய்?" என்றார் பாக்கியம் அக்கா, கருவாட்டு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி. "தாலியைக் கழட்டி என்னட்டைத் தா. அவர் இரும்போட நிக்கட்டும்."