வெறுங்கால் ஷூவும் இரண்டு இடது கால்களும்

இனிமேல் உயிர் உள்ளவரை தடித்த அடி வைத்த ஷூவைக் காலில் மாட்டுவதில்லை என்று அவர் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு. துப்பும் வரைகூடப் பொறுக்கவில்லை. சமையலறைக்கு ஓடி வந்து மனைவியிடம் அறிவித்தார். அவளுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை.

"துப்பிட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

துப்பிவிட்டு வந்து சொன்னபோது அந்தச் சபதத்தில் முன்னிருந்த கம்பீரம் இல்லை. பாதி வாஷ்பேசினோடு போய்விட்டது.

அவருக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்பார். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கிற வழக்கம் இல்லை. மனைவிக்கு எல்லாமே நன்றாகத் தெரியும். அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பெரியதைச் சின்னதாக்கி, சின்னதைப் பெரியதாக்கி, கோட்டுக்கும் கவுனுக்கும் மறுவாழ்வு கொடுக்கிறவள். இரண்டரை வயதில் ஒரு பாப்பா. பாப்பாவும் அம்மா பக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பூங்காவுக்குப் போய் டிஸ்க் கோல்ஃப் ஆடுவார். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பூங்காவின் மூலைக்கு மூலை ஒரு கம்பம் நட்டிருக்கும். கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும், அதற்குக் கீழே ஒரு இரும்புக் கூடை. சாப்பாட்டுத் தட்டளவு பிளாஸ்டிக் தட்டைத் தூரத்திலிருந்து எறிந்து எறிந்து அந்தக் கூடைக்குள் சேர்க்க வேண்டும். குறைவாக எறிந்தவன் கெட்டிக்காரன். இவர் எப்போதும் தாராளமாக எறிந்தார்.

குழுவில் ஏழு பேர். இன்னும் இரண்டு மாதத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குழுவோடு போட்டி. போட்டிக்கு ஆறு பேர் போதும். ஏழில் ஆறு போனால் மிச்சம் யார் என்று மற்றவர்கள் வாய் திறந்து சொல்லவில்லை. நல்ல மனிதர்கள். ஆனால் தட்டைத் தேடிப் புதருக்குள் இவர் நுழையும்போதெல்லாம் ஆறு பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அப்படியிருக்கையில்தான் கைபேசி வீடியோவில் ஒருவன் சொல்லக் கேட்டார். எறிகிற பலம் கையில் இல்லையாம், உள்ளங்காலில் இருக்கிறதாம். தடித்த ஷூ போடுவது பாதத்தின் கண்ணைக் கட்டுவது போலாம். கண் சம்பந்தமாக யார் எது சொன்னாலும் இவருக்கு மனசில் தைத்துவிடும். அன்றே வெறுங்கால் ஷூ ஒரு ஜோடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். முன்பக்கம் விரல்கள் விரிய வாத்துக்கால் மாதிரி அகலம், அடிப்பக்கம் அப்பளக் கனம்.

பெட்டி வந்தது. மனைவி ஷூவை எடுத்தாள். கைக்குட்டை மாதிரி இரண்டாக மடித்தாள், நான்காகவும் மடித்தாள்.

"மீதி எப்பங்க வரும்?"

"இவ்வளவுதான். இதுதான் விசேஷம். தரையை அப்படியே உணரலாம்."

"தரையை உணரணும்னா வீட்டைத் துடைங்களேன், நல்லா உணரலாம்" என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

பழைய ஷூவை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். மறுநாளே எதிர் வீட்டுத் தோட்டக்காரர் அதைப் போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

முதல் ஞாயிறு. பூங்காவில் நடைபாதை முழுக்கச் சரளைக்கல் என்பதை இவர் அதுவரை கவனித்ததே இல்லை. அன்றைக்கு ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக அறிமுகமானது. உருண்டைக் கல், ஊசிக் கல், முக்கோணக் கல். புல்தரைக்குப் போனால் அங்கே மரத்திலிருந்து உதிர்ந்த முள்விதைகள். பதினெட்டுக் கூடைகளையும் சுற்றி முடித்தபோது உள்ளங்கால் இரண்டும் அடுப்பில் வைத்ததுபோல் இருந்தன. டிரைவிங் மாஸ்டர், அதாவது ஊராருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அந்தக் குழுக்காரர், ஏன் சார் நொண்டுறீங்க என்று விசாரித்தார். பாதம் விழித்துக்கொள்கிறது, இத்தனை வருஷத் தூக்கம் கலைகிறது என்று இவர் கம்பீரமாகப் பதில் சொன்னார்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். தூங்குகிற பாதம், விழிக்கிற பாதம் என்று அரை மணி நேரம் பிரசங்கம் நடந்தது. இரண்டே வாரத்தில் டிரைவிங் மாஸ்டரும் இன்னும் மூன்று பேரும் அதே ஷூவோடு வந்து நின்றார்கள். முதன்முறையாகக் குழுவில் இவர் சொல்லுக்கு மதிப்பு வந்தது. புதருக்குள் போனால்கூட யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. ஆறில் ஒருவர் என்ற நம்பிக்கை துளிர்விட்டது.

கால்தான் ஒத்துழைக்கவில்லை. தினமும் கடையிலிருந்து வந்ததும் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, வெந்நீர் வாளியில் காலை வைத்து உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் என்ன செய்றீங்க என்று மனைவி வெளியிலிருந்து கேட்டால், யோசிக்கிறேன் என்பார். யோசிக்க எதுக்குங்க வெந்நீர் என்று அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் கேட்காமல் விடுகிற கேள்விகள்தான் ஆபத்தானவை. அது அவருக்குப் பிறகுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழுத்தலைவர் கடைக்கே வந்தார். மருந்துக்கடைக்காரர், பொறுமைசாலி. ஞாயிறன்று புதிதாகப் பத்துப் பேர் சேர வருகிறார்கள், வெறுங்கால் ஷூவைப் பற்றி நீங்கள்தான் நாலு வார்த்தை பேசி, ஒரு சுற்று நடந்தும் காட்ட வேண்டும், போட்டிக்கான ஆறு பேரையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுவோம் என்றார். இவர் தலையாட்டினார். ஒரு சுற்று என்றால் பதினெட்டுக் கூடை. பாத்ரூம் வரைக்கும் போவதே பெரும்பாடாக இருந்த காலம் அது.

சனிக்கிழமை காலை மனைவி பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இவர் கண் முன்னறை இஸ்திரி மேசையில் விழுந்தது. வெள்ளை விரிப்புக்கு அடியில் விரல் கனத்துக்குக் கம்பளி விரித்திருக்கும். மேல்பக்கம் மெத்தென்று இருக்கும், அடிப்பக்கம் வழுக்காமலிருக்க ரப்பர் ஒட்டியிருக்கும். விரிப்பைத் தூக்கினார். மேசை மேல் ஏறி நின்றார். இடது காலைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். இறங்கி, மனைவியின் பெரிய கத்தரியால் வெட்டி எடுத்தார். அந்தத் துண்டையே அச்சாகக் கம்பளி மேல் வைத்து, இம்மி பிசகாமல் அதே மாதிரி இன்னொன்றும் வெட்டினார். என்ன ஒரு நேர்த்தி என்று தன்னையே மெச்சிக்கொண்டார். விரிப்பை முன்போல இழுத்து மூடினார்.

ஷூவுக்குள் வைத்துப் பார்த்தபோது இடது கால் மேகத்தில் நின்றது. வலது கால்தான் தடுமாறியது. கட்டைவிரல் மேட்டுக்கென்று வெட்டிய இடம் சுண்டுவிரலுக்கு அடியில் வந்தது, கட்டைவிரல் அந்தரத்தில் தொங்கியது. திருப்பிப் போட்டால் ரப்பர் மேலே வந்து, நடக்க நடக்கச் சப்புச் சப்பென்று ஒட்டிக்கொண்டது. இரண்டும் இடது கால் என்பது அப்போதுதான் உறைத்தது. தினம் இருபது பேரின் இடது கண்ணையும் வலது கண்ணையும் பிரித்துப் பார்க்கிற மனுஷன். வெட்கமாக இருந்தது. பரவாயில்லை, உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும் என்று தேற்றிக்கொண்டார்.

மதியம் முன்னறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தார். வக்கீலம்மாவின் கருப்புக் கோட்டை மனைவி இரு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். கோட்டின் முதுகில் இரண்டு பாதங்கள், இஸ்திரிப் பெட்டியின் அழுத்தத்தில் ஓரம் பிசகாமல் பதிந்திருந்தன. யாரோ வக்கீலம்மாவின் முதுகில் ஏறி நின்றுவிட்டு இறங்கினதுபோல இருந்தது. ஐந்து மணிக்கு அந்தம்மா கோட்டை வாங்க வருகிறாள்.

மனைவி கத்தவில்லை. விரிப்பை விலக்கி ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் கோட்டைக் காட்டி, ஈரத்துணி போட்டுத் தட்டித் தட்டி, அந்தப் பாதங்களை நூல் நூலாக அழித்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இவர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். நான்தான் என்று சொல்லிவிட நாலு முறை வாயைத் திறந்தார். நாலு முறையும் கொட்டாவி விட்டதுபோல மூடிக்கொண்டார். அன்றைக்குப் போல அவர் தன்னைச் சின்னவனாக உணர்ந்தது கிடையாது.

கோட்டு தேறியது. வக்கீலம்மா வாங்கிக்கொண்டு போன பிறகு மனைவி ஒரு நடை கடைக்குப் போய்வந்தாள். சாப்பாடு போடும்போதுதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"வீட்டுக்குத் திருடன் வந்திருக்கான்."

"எ... எப்ப?"

"காலைல. கம்பளியை மட்டும் வெட்டிக்கிட்டுப் போயிருக்கான். பாவம், அவனுக்கு ரெண்டும் இடது கால்."

சோறு புரையேறியது. அவள் தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்தாள்.

"துணி வெட்ட வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பாங்க, சட்டையோட ரெண்டாவது கைக்கு அச்சைத் திருப்பிப் போடணும்னு. அது தெரியாதவன் எவனோ. எப்படித்தான் நடக்கிறானோ." பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டே, நாளைக்கு நீங்க பேசுறதைக் கேக்க நானும் பாப்பாவும் வரோம் என்றாள்.

இவர் மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

ஞாயிறு காலை. மரத்தடியில் புதியவர்கள் பத்துப் பேர், பழையவர்கள் ஆறு பேர். பின்னால் இடுப்பில் பாப்பாவும் தோளில் ஒரு பெரிய துணிப்பையுமாக மனைவி. இவர் பேசினார். தூங்குகிற பாதம் என்றார், விழிக்கிற பாதம் என்றார். வலது கால் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றதால் ஆளும் கொஞ்சம் சாய்ந்தே பேசினார். புதியவர்களில் ஒரு பெண், அடிப்பக்கம் எவ்வளவு மெல்லிசு என்று தொட்டுப் பார்க்கலாமா, கழற்றிக் கொடுங்களேன் என்றாள். நியாயமான ஆசை. எல்லாரும் கையை நீட்டினார்கள்.

இவர் குனிந்தார். நாடாவைப் பிடித்தார். அவிழ்க்கவும் மனசில்லை, நிமிரவும் மனசில்லை. பூமி பிளந்தால் முதல் ஆளாக இறங்கத் தயாராக இருந்தார்.

"உள்ள நான் செஞ்ச மெத்தை இருக்குங்க" என்றாள் மனைவி, பின்னாலிருந்து. "நல்லா இருக்கான்னு போட்டுப் பாக்கச் சொன்னேன்."

அடுத்த நொடி டிரைவிங் மாஸ்டர் பொத்தென்று புல்லில் உட்கார்ந்தார். தன் வெறுங்கால் ஷூவை இழுத்துக் கழற்றினார். "அம்மா, எனக்கு ஒரு ஜோடி வேணும். மூணு வாரமா வாளியிலதான் குடித்தனம்."

மற்ற மூன்று பேரும் அவர் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்கள். ஒரு பாதமும் விழித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எல்லாம் வீங்கியிருந்தன. மாஸ்டரின் மனைவி தைக்கக் கொடுக்க வந்தபோதே இவர் மனைவியிடம் வாளி விஷயத்தைச் சொல்லிவிட்டாள் என்பது இவருக்கு அப்போது தெரியாது. துணிப்பையிலிருந்து புதுக் கம்பளிச் சுருள் வெளியே வந்தபோதுதான், மனைவி நேற்றே கடைக்குப் போய்வந்த காரணம் விளங்கியது.

அதற்குள் இவர் ஷூவிலிருந்த இரண்டு மெத்தைகளும் கைமாறிக் கைமாறிப் போயின. மருந்துக்கடைக்காரர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, ஒரே மாதிரி இருக்கிறதே என்றார்.

"அது முதல் வெட்டு" என்றாள் அவள். "கத்துக்கிறவங்க வெட்டினது."

பதினாறு தலைகளும் ஒரே நேரத்தில் இவர் பக்கம் திரும்பின. இந்தத் தடவை யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இவருக்குத் தோன்றியது.

"அளவெல்லாம் இவரே எடுத்துடுவாரு" என்று அவள் சுண்ணக்கட்டியை இவர் கையில் திணித்தாள். மறுக்கிற நிலையிலா இருந்தார்? மண்டியிட்டார். ஒவ்வொருவராக வந்து கம்பளிமேல் ஏறி நின்றார்கள். இவர் வியர்க்க வியர்க்கக் கோடு போட்டார். முகத்துக்கு நேராக ஊரார் பாதங்கள். ஒவ்வொரு பாதத்துக்கும் பக்கத்தில் இ, வ என்று கவனமாக எழுதினார்.

ஆட்டம் நிற்கக் கூடாதல்லவா? இவர் முறை வந்தபோது இவர் தட்டை மனைவியிடம் கொடுத்தார்கள். பாப்பாவை மருந்துக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். மடித்த துணியை வெட்டுமேசை மேல் ஒரே உதறலில் விரிக்கிற கை அவளுடையது. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினாள். தட்டு வழுக்கிக்கொண்டு போய்க் கூடைக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. மண்டியிட்ட இடத்திலிருந்து இவர் அடுத்தடுத்துச் சங்கிலிச் சத்தம் கேட்டார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டில், அவள் புதுக் கம்பளியை வெட்டிக்கொண்டிருக்கும்போது, இவர் ஒருவழியாக எதிரில் போய் நின்றார். அந்தத் திருடன் நான்தான் என்றார். வக்கீலம்மா கோட்டை நீ தட்டித் தட்டிச் சரி பண்ணினபோது சும்மா உட்கார்ந்திருந்தது தப்பு, மனசு கேட்கவில்லை என்றார்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, தைலம் தடவினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தெம்பில்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"போட்டிக்கு ஆறு பேரை முடிவு பண்ணாங்களா?"

"பண்ணாங்க. தலைவர் போன் பண்ணினாரு. உங்க இடத்துல என்னைப் போட்டிருக்காங்க."

"யாருமே மறுத்துப் பேசலையா?"

"டிரைவிங் மாஸ்டர் மட்டும் பேசினாராம்."

அவருக்கு மனம் குளிர்ந்தது. ஒரு ஜீவனாவது இருக்கிறதே. "என்ன சொன்னாராம்?"

"அடுத்த மாசம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், போட்டியை இந்த மாசமே வச்சுக்கலாமேன்னாராம்."