ஒரு சொட்டுகூடக் கிடையாது

“வாயை விட்டுட்டாரும்மா நம்ம முதலாளி!” என்று மேலாளர் தர அதிகாரியிடம் கைபேசியை நீட்டினார்.

டிவி பேட்டியிலிருந்து யாரோ வெட்டி அனுப்பிய பதினோரு நொடிக் காணொளி. பிஸ்கட் ஆலை முதலாளி நெஞ்சில் கை வைத்துக் கலங்கினார்: “பாமாயிலுக்காகக் காட்டையே எரிக்கிறாங்க. நம்ம ரத்தக் குழாயையும் அடைக்கிறாங்க. எங்க பிஸ்கட்ல அது ஒரு சொட்டுகூடக் கிடையாது!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காடு, ரத்தக் குழாய் எல்லாம் பாமாயிலை நிறுத்தச் சொல்லி அவள் மூன்று முறை மனுவாக எழுதிக் கொடுத்த வரிகள். மூன்றின் மேலும் மேலாளரின் தேநீர்க் கோப்பை வட்டம் போட்டிருந்தது.

“சார், ஒரு கிலோ பிஸ்கட்டுக்கு இருநூறு கிராம் பாமாயில் போடுறோம். சின்னக் குழந்தைங்க திங்கிற பண்டம்!”

“அது நேத்து வரைக்கும். இன்னிக்கு நாலு மணிக்கு உணவு ஆய்வாளர் வர்றார். ‘இல்லை’ன்னு நீங்க கையெழுத்துப் போடணும்.”

“பொய்க் கையெழுத்துப் போட்டா நான்தானே சார் உள்ளே போகணும்?”

“போடலேன்னா வெளியே போகணும்.”

“முதலாளியையே கேளுங்களேன்.”

“அவர் விமானத்துல இருக்கார். அவர் சொன்னா சொன்னதுதான். உண்மையைக் கொஞ்சம் அதுக்கேத்த மாதிரி வளைங்க.”

முதலில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். பிஸ்கட் வெந்து வந்தது. உறைக்குள் போட்ட பத்தாவது நிமிடம் எண்ணெய் கசிந்து, உறையின் மேல் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு மூக்கு ஒழுகியது.

“வெண்ணெயைப் போடுங்க!” என்றார் மேலாளர்.

போட்டார்கள். அடுப்புக்குள் நுழைந்த நானூறு பிஸ்கட்டும் உருகி, கைகோத்து, ஒரே பிஸ்கட்டாக வெளியே வந்து, ஓடும் பெல்ட்டில் சிக்கிக்கொண்டன.

“இதைப் பாய் மாதிரி சுருட்டித்தான் விக்கணும்,” என்றார் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். “ஏம்மா, நடுவுல வைக்கிற கிரீம்?”

“அதுலயும் பாமாயில்தாண்ணே.”

“அப்ப கிரீமை வழிச்சுப் போடுங்கய்யா!” என்று மேலாளர் அலறினார்.

வழித்தார்கள். ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாத கிரீம் பிஸ்கட்டுகள் பாக்கெட்டுக்குள் பல்செட்டுப் போலக் கடகடத்தன.

மணி மூன்றரை. மேலாளருக்கு ஞானம் பிறந்தது.

“உள்ளே இருக்கிறதை மாத்த முடியலையா? வெளியே எழுதியிருக்கிறதை மறைச்சிடுங்க!”

‘காடு காக்கும் பிஸ்கட்’ என்று பச்சை இலை போட்ட ஸ்டிக்கர் வந்தது. ஒட்டினார்கள். பாமாயில் மறைந்தது. கூடவே காலாவதித் தேதியும் மறைந்தது.

“பரவாயில்ல, இனிமே இது கெட்டே போகாது,” என்றார் அடுப்பு அண்ணன்.

நாலு மணிக்கு ஆய்வாளர் வந்து உட்கார்ந்தார். மேலாளர் படிவத்தை வைத்து, பேனாவின் மூடியையும் தானே கழற்றி அவளிடம் நீட்டினார். முகத்தில் அப்படியொரு பணிவு.

அவள் பேனாவை வாங்கினாள். மூடியையும் வாங்கினாள். மூடி வைத்தாள்.

“போட மாட்டேன் சார். வேலை போனா போகட்டும். பாமாயில் இருக்கு. மாவுல இருக்கு, கிரீம்ல இருக்கு, இந்த ஸ்டிக்கருக்கு அடியில எழுதியும் இருக்கு. பிள்ளைங்க வயித்துல இதைக் கொட்டிட்டு, டிவியில போய்க் காட்டுக்காக அழறதுக்கு வெக்கமா இல்லை? உங்க முதலாளி சொன்னது பச்சைப் பொய்!”

மேலாளர் நாற்காலியைத் தேடினார். ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு, அவள் பொறுப்பில் வராத பின்பக்க ஷெட்டில் மாவு பிசைகிறவர் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார்.

“ஐயோ, முதலாளி பொய் சொல்லலைம்மா! அவர் டிவியில பேசினது பின்னாடி நாங்க போடுற நாய் பிஸ்கட்டைப் பத்தி. அவர் வீட்டு நாய் திங்குதேன்னு, அதுல மட்டும் ஒரு சொட்டுப் பாமாயில் சேர்க்க விடமாட்டார்.”