கைராசிக்கு அனுமதி இல்லை

கூச்சப்படுகிறவனைச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் கோபத்தைக் கத்தித் தீர்த்துவிடுவார்கள். என்னைப் போன்றவனுக்கு அது உள்ளேயே கிடந்து புளிக்கும். மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் சின்னதாக ஒரு தோசைக் கடை வைத்திருக்கிறேன். அங்கே மாவைவிட அதிகம் புளித்தவன் நான்தான்.

கௌசல்யா என் மனைவியின் அக்கா மகள். திருநெல்வேலியிலிருந்து இங்கே படிக்க வந்தாள். ("படிச்சுக்கிட்டே கை நிறைய சம்பாதிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினானாம் ஏஜெண்ட். அவன் வாயில் கொதிக்கிற சாம்பாரை ஊற்ற வேண்டும்.) மாணவர் விசாவில் வந்தவர்கள் விடுமுறையில் மட்டும்தான் பகுதி நேரமாக வேலை செய்யலாம். அதற்கும் கல்லூரி மூலமாகக் குடிநுழைவுத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் வாங்கினோம். கல்லூரி அதிகாரி அம்மாள் என்னை எதிரே உட்கார வைத்து எச்சரித்தார்.

"அங்கிள், சாப்பாடு பரிமாறலாம், மேசை துடைக்கலாம். கல்லாவுல உட்காரக் கூடாது. மசாஜ் கூடாது. மாட்டினா விசா போயிடும், படிப்பும் போயிடும்."

எனக்கு வந்ததே கோபம்! தோசைக் கடையில் எவன் வந்து மசாஜ் கேட்பான்? "சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

விடுமுறை வந்தது. கௌசல்யா வேலைக்கு வந்த முதல் நாள், போணிக் காசை யாரோ தவறுதலாக அவள் கையில் கொடுத்துவிட்டார். அன்று மதியத்துக்குள் மாவு காலி. என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"புள்ளைக்குக் கைராசிங்க! இனிமே போணி அவ கையாலதான்."

"அது கூடாதுன்னு..."

"ஒரே ஒரு நோட்டுலா! அதுக்குப் பேரு கேஷியரா?"

"வேணாம் சித்தி, பயமா இருக்கு" என்றாள் கௌசல்யா. நான் முதலாளி. (பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருக்கிறது.) அதட்டியிருக்க வேண்டும். சாம்பாரைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

ஒரு காலை, முதல் ஆளாக ஒரு மலாய்க்காரர் வந்தார். தோசை சாப்பிட்டுவிட்டு என்னிடம் பத்து வெள்ளி நோட்டை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அந்நியரிடம் சத்தமாகப் பேசினேன்.

"போஸ்! அந்தப் பொண்ணு கையில குடுங்க!" (போஸ் என்றால் பாஸ். இங்கே கடைக்கு வருகிற எல்லோரும் போஸ்தான்.)

கொடுத்தார். அவள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். குடிநுழைவுத் துறை அதிகாரி.

"இவள் கேஷியரா?" என்று மலாயில் கேட்டார்.

கௌசல்யாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. என் மலாய் பாசாரில், அதாவது சந்தையில், பொறுக்கியது. கைராசிக்கு மலாயில் என்ன சொல்வது?

"தாங்ஙான் டியா பாகுஸ், போஸ்" என்றேன். இவள் கை நல்ல கை என்று அர்த்தம்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பின்கட்டுத் திரையைப் பார்த்தார். "ஊருட்?" என்றார். ஊருட் என்றால் மசாஜ்.

"இல்ல போஸ், இல்ல! காலையில மட்டும்தான்! முதல்ல வர்ற ஆளுக்கு மட்டும்தான்!"

இப்படி ஒரு விளக்கத்தை உலகத்தில் எந்த முட்டாளும் கொடுத்திருக்க மாட்டான்.

கௌசல்யா அழுதுகொண்டே ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லூரி அம்மாள் ஓடி வந்து கெஞ்சினார். விசா தப்பியது. வேலை அனுமதி அன்றோடு போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை. கொதிக்கிற தேநீரைத் தூக்கிக்கொண்டு ஓடலாமாம், பத்து வெள்ளியைத் தொடக் கூடாதாம்! அந்தச் சட்டத்தின் மேல் கோபம். நல்ல வேளை பார்த்துத் தோசை தின்ன வந்த அதிகாரி மேல் கோபம். மனைவி மேல் கோபம். வாயைத் திறக்க வேண்டியபோது சாம்பார் கிளறிவிட்டு, மூட வேண்டியபோது திறந்த என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

கௌசல்யா படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டாள். போன் செய்தால் முதல் கேள்வியே, "சித்தப்பா, கழுத்து வலிக்குதா? காலையில மட்டும் வாங்க" என்பதுதான்.

இப்போது போணி என் கையால்தான். கடை காற்றாடும் நாளிலெல்லாம் மனைவி என் கையையே பார்க்கிறாள்.

"தாங்ஙான் தாக் பாகுஸ்லா" என்கிறாள். என் கை நல்ல கை இல்லையாம்.

நான் சாம்பாரைக் கிளறுகிறேன், கொஞ்சம் வேகமாக.