மாரியம்மன் கூழுக்கு மாதா கோயில் தண்ணீர்

பெருமுக்கல் வைஜெயந்திக்கு அண்ணன் அசோகன் எழுதிக்கொள்வது. இங்கு உன் அண்ணி வேலம்மாளும் நானும் நலம்; ஊர்த் தண்ணீர்தான் நலமில்லை. போனில் சொன்னால் நடுநடுவே நீ திட்டுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஆடிக் கூழ் ஊற்ற நான்கு நாள் இருக்கையில் நம் ஊர் போர்வெல் தண்ணீர் கரித்துவிட்டது. உப்பளத்தில் வேலை செய்கிற நமக்கு உப்பு புதிதல்ல, ஆனால் டீயிலும் அதுவே வந்தால் என்ன செய்வது? லாரித் தண்ணீர் அடுத்த வாரம்தான் என்றார்கள். பக்கத்தில் நல்ல தண்ணீர் இருப்பது காலனியில், மாதா கோயில் கிணற்றில் மட்டும். மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் தேர் நம் தெருவுக்குள் வரக்கூடாது என்று வழியில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டோமே, அதே காலனி. வெட்டியவன் நான்தான் என்பதால் தூது போகவும் என்னையே அனுப்பினார் கோயில் கமிட்டித் தலைவர் கொளஞ்சி. கிணற்றைப் பார்த்துக்கொள்கிற சவரிமுத்து, இருபது வருஷமாக என்னோடு உப்பு வாருகிறவர், என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "தண்ணிக்கு என்னாங்க, எடுத்துக்குங்க. வழியில முள்ளு கெடக்குதே, எப்படி எடுத்துக்கினு போவீங்க?" என்றார். கோபமில்லாமல் கேட்டார், அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் நானே அரிவாளோடு போய் முள்ளை அப்புறப்படுத்தினேன். காலில் மூன்று முள் ஏறியது. உன் அண்ணி எடுத்துவிட்டாள், மெதுவாக எடுக்கவில்லை.

நம் பெண்கள் குடம் குடமாகச் சுமந்து வந்தார்கள். கூழ் நன்றாகவே வந்தது. சவரிமுத்துவின் மனைவி சாலம்மாள் தூக்குவாளியோடு வரிசையில் வந்து நின்றார். கொளஞ்சி, "நீ அந்தாண்ட நில்லும்மா, கடைசியா ஊத்துவாங்க" என்றார். சாலம்மாள் நகரவில்லை. "அண்டாவுக்குள்ள இருக்குறது எங்க தண்ணிங்க. அது உள்ள வரலாம், நான் மட்டும் அந்தாண்ட நிக்கணுமா?" என்றார். நான் கரண்டியை எடுத்து முதல் கூழை அவர் வாளியில் ஊற்றினேன். கொளஞ்சி என்னைக் கமிட்டியிலிருந்து நீக்கிவிட்டார், பரவாயில்லை. இந்த வருஷம் தேர் நம் தெரு வழியே வரட்டும் என்று பாதி ஊர் சொல்கிறது; மீதி ஊர் இன்னும் யோசிக்கிறது, தண்ணீர் மட்டும் தினமும் எடுக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு நோய்நொடி வராமல் ஆத்தா பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அண்ணன்,
அசோகன்

பின்குறிப்பு: உன் அண்ணி இதை வாங்கிப் படித்துவிட்டு, "மிச்சத்தையும் எழுது" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். கரண்டி என் கையில் இருந்தது உண்மை. நான் ஊற்றவில்லை, கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். உன் அண்ணிதான் அதைப் பிடுங்கி ஊற்றினாள். என்னைக் கமிட்டியிலிருந்து யாரும் நீக்கவில்லை. இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது.