உமர் ஃபாரூக் விற்ற முதல் மெஷின்

இதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. கோயில் வாசலில் சத்தியம் செய்யச் சொன்னாலும் சரி, தர்கா வாசலில் செய்யச் சொன்னாலும் சரி. மழைக்காலமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஒதுங்கி நின்றும் செய்யலாம்.

1943. தேனாம்பேட்டையில் 'பீர் முஹம்மது அண்ட் சன்' கடைக்குள் உமர் ஃபாரூக் காலையிலிருந்து உட்காரவில்லை. வாசலுக்குப் போவான், தெருவைப் பார்ப்பான், உள்ளே வந்து ஒரு தகரப் பெட்டியைச் சுற்றுவான், மறுபடி வாசலுக்குப் போவான்.

தாத்தா ரம்பத்துக்குக் கூர் வைத்தவர். அத்தா பீர் முஹம்மது ரம்பம் விற்றவர். உமருக்கு மெஷின் விற்க ஆசை. பலகை இழைக்கும் மெஷின் ஒன்றுக்குச் சீமைக்கு எழுதிப் போட்டான். அது ஏறிய கப்பல் எங்கே என்று யுத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. கப்பலுக்கே தெரியுமா என்பது சந்தேகம். இதற்குள், மந்தைவெளியில் பட்டாளத்துக்கு மரப்பெட்டி செய்து கொடுக்கும் ராஜகோபாலன், மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார். இன்று பத்து மணிக்கு வருகிறார்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா கடைக்குப் பூட்டு," என்று அத்தா முடிவாகச் சொல்லியிருந்தார். "நீ ஆம்பூருக்குப் போய் உன் மாமு மண்டில தோல் காய வை."

அந்தத் தோல் மண்டியின் வாசனை உமருக்கு நினைத்தாலே வரும். ஆகவே மெஷினை அவனே செய்தான். ஆறடித் தகரப் பெட்டி, பச்சைப் பெயிண்ட், பலகை போக ஒரு சந்து, வர ஒரு சந்து, மேலே ஒரு மோட்டார். மோட்டார் உண்மையானது. அது எதையும் சுழற்றாது. சத்தம் மட்டும் போடும். பலகையை இழைக்க வேண்டியவன், பின்வாசல் வழியாக வந்து உள்ளே இழைப்புளியோடு உட்காரப்போகும் ஹபீபுர் ரஹ்மான். உமரின் மனைவி அன்வரி பேகத்தின் தம்பி. பரம்பரைத் தச்சர் வீட்டுப் பிள்ளை.

ஒன்பதே முக்காலுக்குப் பெட்டியைத் தட்டினான். உள்ளேயிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு வந்தது. உமருக்கு உயிர் வந்தது.

ராஜகோபாலன் குடையும் கையுமாக வந்தார். "எங்கே பாய், ஓட்டிக் காட்டும்."

உமர் ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் அலறியது. சந்துக்குள் பலகை போயிற்று. அந்தப் பக்கம் வழவழவென்று வந்தது. ராஜகோபாலன் தடவிப் பார்த்தார்.

"தேவலையே. இன்னும் வேகமா ஓடுமோ?"

உமர் ஒரு குமிழைத் திருகினான். அது பெயிண்ட் டப்பாவின் மூடி. திருகும்போதே முழங்காலால் தகரத்தை இடித்தான். மெஷின் வேகம் எடுத்தது. எடுத்த வேகத்தில் தூள் பறந்து, மெஷின் தும்மியது.

"தும்மறதே ஓய்."

"தூசிய வெளில தள்ற வால்வு சாமி. சீமைல இப்ப புச்சா வந்துகீது."

"மறுபடியும் தும்மறது."

"ரெண்டு வால்வு கீது சாமி."

பேச்சை மாற்றினால் நல்லது என்று உமருக்குத் தோன்றியது. "எல்லாத்தையும் நானே ஒருத்தனா பூட்டினேன்," என்றான்.

"ஆத்துக்காரிக்கு ரொம்பப் பெருமையா இருக்குமே?"

"அவளுக்கு இன்னா தெரியும் சாமி? இழைப்புளிய காட்டினா தேங்கா துருவற சாமான்னு நெனப்பா."

மெஷின் நின்றது. மோட்டார் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. பிறகு, உள்ளே போன பலகை போன வழியாகவே விசையோடு திரும்பி வந்து உமரின் முழங்காலில் அடித்தது.

"ரிவர்ஸ் கியர்," என்றான் உமர், ஒற்றைக்காலில் நின்றபடி.

"நான் பக்கத்துலதான் நிக்கறேன், மேல படலையே. கடைக்காரனைப் பாத்து அடிக்கறது. நல்ல யோசனை."

உமர் தகரத்தைத் தடவிக் கெஞ்சினான். மெஷின் மனமிரங்கி மறுபடி இழைக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து, சத்தம் தாங்காமல், ராஜகோபாலன் எட்டி ஸ்விட்சை அணைத்தார். மோட்டார் அடங்கியது. உள்ளே கர்ர், கர்ர் என்று இழைப்பு நிற்கவில்லை.

உமருக்கு ஆம்பூர் வாசனை மூக்கில் ஏறியது.

"கரண்ட் இல்லாம ஓடறதே," என்றார் ராஜகோபாலன் மெதுவாக.

"அது... ஓடின வேகத்துல கொஞ்சம் மிச்சம் சாமி."

"எத்தனை நாழி ஓடும்?"

"பசிக்கற வரைக்கும்," என்று உமருக்கு வாய் தவறிவிட்டது.

ராஜகோபாலன் அதைக் கவனிக்கவில்லை. முகம் மலர்ந்திருந்தது. "யுத்தம் வந்ததுலேர்ந்து எங்க பக்கம் கரண்ட் பாதி நாள் இல்லை ஓய். சீமை மெஷின் எனக்கு வேண்டாம். இதுவேதான் வேணும். இப்பவே வண்டில ஏத்தும்."

"இது சாம்பிள் சாமி. வீட்டோட இருந்து பழகினது."

"எங்காத்துலயும் பழகிடும்."

பின்கட்டிலிருந்து வந்த பீர் முஹம்மது விஷயத்தைக் கேட்டார். மகனை இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தட்டிக்கொடுத்தார். தாமே போய் மாட்டுவண்டி அமர்த்தினார், தாமே கயிறு கட்டினார். உமர் குறுக்கே குறுக்கே போனான். அத்தா அவனைப் பொறுப்புள்ள பிள்ளை என்று வண்டிக்காரரிடம் சொன்னார். ராஜகோபாலன் ரிக்‌ஷாவில் முன்னால் போக, வண்டி மந்தைவெளிக்குக் கிளம்பியது.

அப்போது எதிர்த்திசையிலிருந்து, வலது கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, ஹபீபுர் ரஹ்மான் வந்தான்.

"கோச்சுக்காத மச்சான். கை சுளுக்கிக்கிச்சு. காலைலயே அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேனே. 'அத்தா எனக்கும்தான் இழைக்கச் சொல்லிக் குடுத்தாரு, நானே உள்ள ஒக்காந்துக்கறேன்'னுச்சாமே?"

உமர் வண்டிக்குப் பின்னால் ஓடினான். தகரத்தைத் தட்டினான். "அன்வரி."

பெட்டி பேசியது. "நிறுத்தாதீங்கண்ணே. நீங்க ஓட்டுங்க."

மாடுகள் நல்ல மாடுகள். ஓடின.

உமர் ஃபாரூக் தமது எழுபத்திரண்டாவது வயதில் காலமானார். கடைசிவரை அவர் மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.