அனுப்பியதைத் திரும்பப் பெறுவது எப்படி

எனக்குக் கோபம் வந்தால் மற்றதெல்லாம் மறந்துபோகும். அடுப்பில் பால், கையில் சாக்பீஸ், எதிரே நிற்பவரின் பதவி, எதுவும் நினைவிருக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது நான் தூத்துக்குடி கடலோரத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு ஈமெயில் சொல்லிக்கொடுக்கச் சொன்னார் தலைமை ஆசிரியர். பன்னிரண்டு கம்ப்யூட்டரில் உப்புக்காற்றுக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. அதைத் திரையில் காட்டி நாற்பது பேருக்குப் பாடம்.

அன்று காலையிலேயே எனக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. மாணவிகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் நான்கு முறை சொல்லியாயிற்று. அன்றும் சொன்னேன்.

"பாப்போம் டீச்சர். நீங்க முதல்ல ஈமெயில முடிங்க" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

முடித்தேன்.

"மாதிரிக்கு ஒரு புகார் எழுதுவோம். என்ன புகார்?"

"தாப்பா டீச்சர்!" என்று கத்தினாள் முதல் பெஞ்ச் ஸ்டெல்லா.

கல்வி அலுவலகத்தின் உண்மையான முகவரியையே அடித்தேன். (பாடம் தத்ரூபமாக இருக்க வேண்டுமாம்!) தலைமை ஆசிரியருக்கும் ஒரு நகல். முதல் வரி பணிவாகத்தான் இருந்தது. மூன்றாவது வரியில், 'தாழ்ப்பாளின் அருமை தெரிய எங்கள் தலைமை ஆசிரியரின் கழிப்பறைத் தாழ்ப்பாளை ஒரு வாரம் கழற்றி வைக்கலாம்' என்று எழுதிவிட்டேன். வகுப்பே கைதட்டியது. கீழே என் பெயர்.

"சென்ட் குடுத்த பொறவும் மனசு மாறலாம் பிள்ளைகளா. கீழ 'அன்டூ'ன்னு வரும். ஒடனே அமுக்குனா போனது திரும்பிரும். பாருங்க."

சென்ட் கொடுத்தேன். அன்டூ வந்தது. அந்த நேரம் பார்த்துக் கடைசி பெஞ்ச் செல்வின் சிரித்தான்.

"ஏலே! பொம்பளப்பிள்ளைக கஷ்டம் ஒனக்குச் சிரிப்பா இருக்கா? எந்திரிலே!" என்று ஆரம்பித்தேன். அவன் நிற்கிற லட்சணம், கிழிந்த நோட்டு அட்டை, கூட்டத்துக்கு வராத அவன் அப்பா என்று ஒரு பெரிய சுற்று வந்தேன்.

செல்வின் பயந்துகொண்டே திரையைக் காட்டினான். "டீச்சர், அன்டூ போயிட்டு."

திரும்பினேன். போயே விட்டது. கண்ட பட்டனையெல்லாம் அமுக்கினேன். ஒயரைப் பிடுங்கினேன். (ஒயரைப் பிடுங்கினால் மெயில் திரும்பி வந்துவிடுமா?)

தலைமை ஆசிரியர் செல்போனை நீட்டியபடி வந்தார். "என்ன டீச்சர் இது?"

"மாதிரிக் கடிதம் சார்."

"மாதிரிக்கு என் கக்கூஸ்தான் கெடச்சுதா? மன்னிப்புக் கேட்டு இன்னொண்ணு அனுப்புங்க. இப்பவே!"

என் வேலை நீட்டிப்பு அவர் கையெழுத்தில் இருந்தது. பிடுங்கிய ஒயரை எடுத்து மறுபடி செருகக்கூடக் குனிந்துவிட்டேன். முதல் பெஞ்ச் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாப்பாளப் போடுங்க சார், அனுப்புதேன்" என்றேன்.

நான்காம் நாள் அதிகாரி வந்தார். அவருக்கு முன்பே தாழ்ப்பாள் வந்து பளபளத்தது. துரித நடவடிக்கைக்காகத் தலைமை ஆசிரியரைப் பாராட்டிவிட்டுப் போனார். (இதை எழுதும்போதுகூடப் பற்றிக்கொண்டு வருகிறது.) எனக்கு நீட்டிப்பு வரவில்லை.

இன்றும் நான் போனில் யாரையாவது வாங்கு வாங்கென்று வாங்கினால், உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். "ஏளா, அன்டூ போயிட்டு!"

போனில் இருப்பவர் அத்தோடு தப்பிப்பார். மீதியை இவர் வாங்கிக்கொள்வார்.