இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

"கடைசிப் பக்கம், இருநூத்திப் பதினாலக் காணமுங்க" என்று அச்சக முதலாளி அக்பர் அலி சொன்னதும் நஞ்சப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காங்கேயத்து எண்ணெய் மில்லில் கொப்பரை எடை போட்டுக்கொண்டே ஒன்பது வருடம் எழுதிய முதல் நாவல். நான்கு பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய பிறகு, கோயமுத்தூரில் தானே அச்சுக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் வெளியீட்டு விழா. நகலும் கிடையாது.

"உங்க கதைதானுங்களே? இங்கயே உக்காந்து எழுதிப்போடுங்க. மூணு மணிக்கு மிசின் ஓடோணும்" என்றார் அக்பர் அலி.

நஞ்சப்பனுக்குத் தெம்பு வந்தது. நாயகி பாவாத்தாள் கிணற்றில் விழுந்து சாக வேண்டும், அவ்வளவுதானே! சரசரவென்று எழுதி, எழுத்துக் கோக்கும் சாஜிதா பேகத்திடம் நீட்டினார்.

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏனுங்ணா, மூணாம் அத்தியாயத்துல இவ பவானி ஆத்தையே நீந்திக் கடந்தாளே. கெணத்துல எப்படீங்க முழுகுவா?"

நஞ்சப்பன் கிணற்றை அடித்துவிட்டுப் பாம்பை ஏவினார்.

"இவங்கய்யன் விசக்கடி வைத்தியருங்களே! இவளுக்கே மருந்து தெரியுமே?"

பாம்பையும் அடித்தார். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பஸ்ஸை உருட்டினார்.

"போன பக்கத்துலதானுங்க பஸ் ஸ்டிரைக்குன்னு எழுதியிருக்கீங்க."

"அவ செத்தே ஆகோணும் அம்மணி!" என்று கத்தினார் நஞ்சப்பன்.

"கோத்துப்போடறனுங்ணா. எதுலீங்க சாவறா?"

மணி இரண்டரை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது. பேனா நின்ற இடத்தில் பாவாத்தாள் கிணற்றுமேட்டில் நின்றுகொண்டிருந்தாள். குதிக்கவில்லை. நிலத்தில் பங்கு தராமல் துரத்திவிட்ட அண்ணன்மார் பக்கம் திரும்பினாள். 'எம்பங்குக் காட்டுல நாளைக்கு ஏர் பூட்டறேன். தடுக்கறவிய வாங்க' என்றாள்.

நஞ்சப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடடா, ஒன்பது வருடமாக இவள் இதைச் சொல்லத்தான் காத்திருந்தாளா! அவர் எழுத எழுத, சாஜிதாவின் விரல்கள் ஈய எழுத்துகளைப் பறந்து பறந்து பொறுக்கின. இந்த முறை அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சாயங்காலம், பசை காயாத முதல் பிரதி கைக்கு வந்தது. நஞ்சப்பன் அதை முகர்ந்தார், திறந்தார், மறுபடி முகர்ந்தார். சந்தோசம் தாங்காமல் பைண்டர் மாசாணத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அந்தப் பக்கம் தொலைஞ்சதே எனக்கு அதிர்ஷ்டமுங்க!"

மாசாணம் பசை வாளியிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "அந்தம்மணி கோக்கற கதைல பொண்ணு செத்தா, கடைசிப் பக்கம் தொலைஞ்சுதானுங்க போகும். உங்குளுது அஞ்சாவது."